திருப்பிக் கேட்காத மொய்

ஆடி பிறந்தால் தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களில் முகூர்த்தம் இருக்காது. கல்யாண மண்டபங்கள் ஒரு மாதம் ஓய்வெடுக்கும். புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலத்தில் அந்த மாதத்தில்தான் பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் கை ஓயாத வேலை. கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், குளமங்கலம், நெடுவாசல், தஞ்சாவூர் மாவட்ட எல்லை தாண்டினால் பேராவூரணி என்று நீளும் இந்த வட்டாரத்துக்கு ஆடியும் ஆவணியும் மொய் விருந்துக் காலம்.

பல குடும்பங்கள் சேர்ந்து ஒரே பந்தலில் விருந்து வைக்கும். பத்திரிகையில் அத்தனை பேர் பெயரும் வரிசையாக இருக்கும். செலவைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். கிடாக்கறிச் சோறு சாப்பிட்டு எழுந்தவர், தனக்குப் பத்திரிகை வைத்தவரின் மேசை எங்கே என்று தேடிப் போவார். அங்கே நோட்டோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். பெயர், ஊர், தொகை எல்லாம் எழுத்தில் ஏறும். நேற்று நோட்டு, இன்று பல பந்தல்களில் கணினி, ரசீது, பணம் எண்ணும் இயந்திரம், வங்கிக்காரர்கள் போட்டிருக்கும் தனிக் கவுன்டர். 2019-ல் வடகாட்டில் ஒரே விவசாயிக்கு ஒரு நாளில் 4 கோடி ரூபாய் மொய் விழுந்ததாக நாளிதழ்கள் எழுதின. 2022-ல் பேராவூரணி சட்டமன்ற உறுப்பினர் வைத்த விருந்தில் 10 கோடி ரூபாய் அளவுக்குச் சேர்ந்ததாகவும் செய்தி வந்தது. இவை பேசப்பட்ட விருந்துகள். சில லட்சங்களோடு முடியும் விருந்துகளே இவ்வட்டாரத்தின் அன்றாடம்.

மொய்யின் இலக்கணம் எளிது. முன்பு உங்கள் விருந்தில் ஒருவர் ஆயிரம் போட்டிருந்தால், அவர் விருந்தில் அந்த ஆயிரத்தைத் திருப்புவீர்கள். அதற்கு மேல் ஐந்நூறோ ஆயிரமோ சேர்த்துப் போட்டால் அது புதுநடை. புதுநடை இப்போது அவர் தலையில் ஏறும். அடுத்த முறை நீங்கள் வைக்கும்போது அவர் திருப்பவேண்டும். சுமார் ஐந்தாண்டுக்கு ஒரு முறை ஒரு குடும்பம் விருந்து வைக்கும். வட்டி இல்லை, அடமானம் இல்லை, பத்திரம் இல்லை. வந்த பணத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டவர்களும், நிலம் வாங்கியவர்களும், கடை வைத்தவர்களும், பிள்ளையை வெளிநாடு அனுப்பியவர்களும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கந்துவட்டியைத் தடுக்க 2003-ல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்த ஒரு மாநிலத்தில், வட்டியில்லாமல் லட்சங்களைத் திரட்டித் தரும் ஓர் ஏற்பாட்டை மக்களே உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். அதன் மதிப்பைக் குறைத்துப் பேச எவருக்கும் உரிமையில்லை.

இந்த வட்டாரத்தில் கிறிஸ்தவர்கள் சிறுபான்மையினர். ஆனாலும் மொய் மதம் பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர், கூட்டாளி, பூ வாங்கும் கமிஷன் கடைக்காரர் பத்திரிகை வைத்தால் கிறிஸ்தவக் குடும்பமும் போய் எழுதியாக வேண்டும். அதே குடும்பம் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகும். பாட்டு பாடும் நேரத்தில் காணிக்கைப் பை வரிசை வரிசையாக வரும். மொய்க்குப் போன பணமும் பைக்குள் விழுந்த பணமும் ஒரே பர்ஸிலிருந்துதான் வந்தன. ஒன்று நோட்டில் ஏறியது, மற்றொன்று ஏறவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், கிறிஸ்தவக் கொடையைப் பற்றியும் உக்கிராணத்துவம் என்று சபைகளில் சொல்லப்படும் பொறுப்பான பணப் பராமரிப்பைப் பற்றியும் பல குழப்பங்கள் தெளியும்.

பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் மாஸ் 1925-ல் கொடையைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற ஆய்வில், பழஞ்சமூகங்களில் அன்பளிப்பு என்பது மூன்று கடமைகளால் கட்டப்பட்டது என்று காட்டினார்: கொடுத்தாக வேண்டும், வாங்கியாக வேண்டும், திருப்பியாக வேண்டும். பசிபிக் தீவுகளையும் வட அமெரிக்கப் பழங்குடிகளையும் வைத்து அவர் சொன்னதைக் கீரமங்கலத்துப் பெரியவர் எவரிடம் சொன்னாலும், இதற்கு ஆராய்ச்சி எதற்கு என்றுதான் கேட்பார்.

மாஸுக்கு வெகுகாலம் முன்பே வள்ளுவர் கொடைக்கும் கைமாற்றுக்கும் நடுவே கோடு கிழித்துவிட்டார். ஈகை அதிகாரத்தின் முதல் குறளிலேயே, இல்லாதவர்க்குக் கொடுப்பது மட்டுமே கொடை, மற்றதெல்லாம் அளந்து கொடுத்து அளந்தே திரும்ப வாங்கும் கைமாற்றின் சாயல் என்று பிரித்து வைக்கிறார். சாயர்புரத்திலும் தஞ்சாவூரிலும் மிஷனரியாகப் பணி செய்து, 1886-ல் குறளை ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜி.யு.போப் இந்த அதிகாரத்துக்கு வந்தபோது லூக்கா சுவிசேஷத்தின் 14-ம் அதிகாரம் நினைவுக்கு வந்திருக்கக்கூடும்.

லூக்கா 14 ஒரு விருந்துப் பந்தலில் நடக்கிறது. இயேசு ஒரு பரிசேயர் வீட்டில் பந்தியில் இருக்கிறார். விருந்து வைத்தவரைப் பார்த்து அவர் சொல்வதன் சாரம் இது: சாப்பாடு போடும்போது நண்பரையும் சகோதரரையும் சொந்தக்காரரையும் வசதியான அண்டை வீட்டாரையும் மட்டும் அழைக்காதே, அவர்கள் பதிலுக்கு உன்னை அழைப்பார்கள், உன் கணக்கு தீர்ந்துபோகும். ஏழையை, ஊனமுற்றவரை, பார்வையற்றவரை அழை. திருப்பிச் செய்ய அவர்களிடம் ஒன்றும் இல்லை. லூக்காவின் 6-ம் அதிகாரம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. திரும்ப வரும் என்று தெரிந்தவருக்குக் கடன் கொடுப்பதில் என்ன சிறப்பு, அதைப் பாவிகளும் செய்கிறார்களே என்று கேட்கிறது. முதல் நூற்றாண்டுப் பாலஸ்தீனத்தில் விருந்து என்பது கொடுக்கல் வாங்கலின் மேடை. கீரமங்கலத்தில் இந்தப் பகுதியை வாசிக்கும் எவருக்கும் விளக்கவுரை தேவைப்படாது.

இதை வைத்து மொய்யே தவறு என்று முடிவு கட்டும் போதகர்களும் உண்டு. அது அவசரம். இயேசு கைமாற்றைக் குற்றம் என்று சொல்லவில்லை. அதைக் கொடை என்று பெயரிட்டுக்கொண்டு மனநிறைவு அடைவதைத்தான் கேள்வி கேட்கிறார். விருந்தையும் வேதாகமம் வெறுக்கவில்லை. உபாகமம் 14-ம் அதிகாரத்தைத் தசமபாகம் வாங்குகிறவர்கள் அதிகம் வாசிப்பதில்லை. அங்கே விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு கர்த்தர் தெரிந்துகொண்ட இடத்துக்குப் போகச் சொல்கிறது. தூரம் அதிகமானால் அதை விற்றுக் காசாக்கிக்கொண்டு போய், அங்கே மாட்டையும் ஆட்டையும் வாங்கிக் குடும்பத்தோடு மகிழ்ந்து சாப்பிடச் சொல்கிறது. மூன்றாம் ஆண்டு அந்தப் பங்கு ஊர் வாசலிலேயே வைக்கப்பட வேண்டும். ஆலய வேலை செய்யும் நிலமில்லாத லேவியரும், அந்நியரும், அநாதைப் பிள்ளையும், விதவையும் வந்து வயிறு நிறையச் சாப்பிட வேண்டும். தசமபாகத்தின் நடுவே ஒரு கறி விருந்து இருக்கிறது. அந்தப் பந்தியில் யார் உட்கார்கிறார் என்பதில்தான் சட்டத்தின் அக்கறை.

கவலைக்குரியது வேறு ஓர் இடத்தில் இருக்கிறது. கடந்த சில பத்தாண்டுகளில் தொலைக்காட்சி வழியாகவும் எழுப்புதல் கூட்டங்கள் வழியாகவும் தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் பரவியிருக்கும் செழிப்புப் போதனை, காணிக்கையை விதை என்கிறது. நூறு போட்டால் நூறு மடங்கு வரும். கடன் தீர வேண்டுமானால் கடன் வாங்கியாவது விதை என்கிறது. மல்கியா 3-ம் அதிகாரத்தின் 10-ம் வசனத்தை எடுத்துக்கொண்டு வானத்தின் பலகணிகள் திறக்கும் என்று வாக்குக் கொடுக்கிறது. கீரமங்கலத்துக்காரருக்கு இது மிக எளிதாகப் புரிந்துவிடுகிறது, ஏனென்றால் இது மொய். கடவுளின் பெயரை நோட்டில் ஒரு வரியாக எழுதி, எதிரே தொகையைப் போட்டு, திரும்பி வரும் ஆடிக்காகக் காத்திருப்பது. பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தை அப்படிப் பையில் போட்டுவிட்டு, வராத நூறு மடங்குக்காகத் தன் விசுவாசத்தையே குறைசொல்லிக்கொள்ளும் தாய்மார்கள் இந்தப் போதனையின் உண்மையான விலை. இதை மென்மையாகச் சொல்லத் தேவையில்லை: திரும்ப வரும் என்று கணக்குப் பார்த்துப் போட்டது எதுவானாலும், வாங்குகிறவர் ஊழியக்காரர் என்பதால் அது கொடையாகிவிடாது.

மல்கியாவையே முழுதாக வாசித்தாலும் போதும். 10-ம் வசனத்துக்குச் சற்று முன், 5-ம் வசனத்தில், கூலிக்காரரின் கூலியைப் பிடித்து வைப்பவர்களையும் விதவையையும் அநாதையையும் ஒடுக்குகிறவர்களையும் தீர்க்கதரிசி கண்டிக்கிறார். 10-ம் வசனத்தில் தசமபாகத்தைக் கொண்டுவந்து சேர்க்கச் சொல்லும் பண்டசாலை, தானியம் கொட்டிவைக்கும் அறை. நெகேமியாவின் புத்தகம் அதன் நடைமுறையைக் காட்டுகிறது. பங்கு வராததால் லேவியர்கள் ஆலய வேலையை விட்டுவிட்டு வயலுக்குத் திரும்பியிருந்தார்கள். நெகேமியா அதிகாரிகளைக் கண்டித்து, தானியமும் திராட்சரசமும் எண்ணெயும் வரச் செய்தபின், நம்பிக்கையானவர்கள் என்று பெயர் எடுத்தவர்களைத் தேடிப் பண்டசாலைப் பொறுப்பில் வைத்தார். பங்கிட்டுக் கொடுப்பது அவர்கள் வேலை. வேலை செய்கிறவர்களின் சாப்பாடு, ஏழைகளின் சாப்பாடு, அதைக் கையாள நம்பகமான ஆட்கள்: தசமபாகம் பழைய ஏற்பாட்டில் இவ்வளவு தரையில் நிற்கும் விஷயம்.

இனி வீட்டுக் கணக்குக்கு வரலாம். ஒரு பூ விவசாயக் குடும்பம் மொய் விருந்து வைத்து 6 லட்சம் ரூபாய் வந்ததாகக் கொள்வோம். அதில் 2 லட்சம், அவர்கள் மற்ற விருந்துகளில் முன்பே எழுதியது திரும்பி வந்தது. மீதி 4 லட்சம் புதுநடை. விருந்துச் செலவில் அவர்கள் பங்கு 60 ஆயிரம். கையில் நிற்பது 5 லட்சத்து 40 ஆயிரம். அதில் அவர்களுடைய சொந்தப் பணம் 1 லட்சத்து 40 ஆயிரம் மட்டுமே. அதுவும் பழைய சேமிப்பு. 4 லட்சம் முழுக்கக் கடன். ஐந்து ஆண்டில் திருப்ப வேண்டுமானால் ஆண்டுக்கு 80 ஆயிரம் ரூபாயை ஒவ்வொரு ஆடிக்கும் தனியே எடுத்துவைத்தாக வேண்டும். இவ்வளவு பெரிய தொகை கைக்கு வந்த அன்று வருமானம் எவ்வளவு என்று கேட்டால், சரியான விடை பூஜ்யம்.

இந்தக் கணக்கை எழுதிப் பார்க்காத குடும்பங்கள்தான் தடுமாறுகின்றன. 6 லட்சம் வந்தது என்ற சந்தோஷத்தில் இருசக்கர வண்டியும் நகையும் வாங்கிவிட்டு, மூன்றாம் ஆடியில் நாற்பது பத்திரிகை வந்து குவியும்போது வட்டிக்கு வாங்கி மொய் எழுதுகிறார்கள். வட்டியில்லாக் கடனை அடைக்க வட்டிக் கடன். அதே சந்தோஷத்தில் 6 லட்சத்துக்கும் தசமபாகமாக 60 ஆயிரத்தைக் காணிக்கைப் பையில் போட்ட குடும்பமும் இதே தவறைத்தான் செய்திருக்கிறது, அது பக்தியாகத் தெரிந்தாலும். கொடுத்தது வருமானத்திலிருந்தே இல்லை. அந்த 4 லட்சத்தில் போட்ட ஆழ்துளைக் கிணற்றால் மல்லிகை கூடுதலாக விளைந்து வருமானம் உயர்ந்தால், உயர்ந்த அந்த வருமானத்திலிருந்து கொடுப்பதுதான் முதற்பலன்.

கடனையும் கொடையையும் இரு வேறு பக்கங்களில் எழுதும் பழக்கத்துக்குச் சுவிசேஷத்திலேயே ஒரு சாட்சி உண்டு. எரிகோவின் வரிவசூல்காரர் சகேயு, மனம் மாறிய அன்று ஒரே மூச்சில் இரண்டு தொகைகளைச் சொல்கிறார்: சொத்தில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கியதற்கு நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பது. முதலாவது கொடை, இரண்டாவது ஈடு. ஒன்றால் மற்றொன்றை அடைத்துவிட அவர் முயலவில்லை. மாற்கு 7-ம் அதிகாரத்தில் வரும் கொர்பான் என்ற ஏற்பாடு இதற்கு நேர் எதிர். இது கடவுளுக்கு நேர்ந்துவிட்டது என்று சொல்லித் தாய் தகப்பனைக் கவனிக்காமல் விட்டவர்களை இயேசு கடுமையாகப் பேசுகிறார். ஆலயத்துக்கு அள்ளிக் கொடுத்துவிட்டுப் பக்கத்து வீட்டு மொய்யைத் திருப்பாதவரும், கூலியாளின் சம்பளத்தை இழுத்தடிப்பவரும் அந்தப் பேச்சின் கீழ் வருகிறார்கள்.

வருமான வரிச் சட்டமும் இதே கேள்வியைத் தன் வழியில் கேட்கிறது. சொந்தக்காரர் அல்லாதவர்களிடமிருந்து ஓராண்டில் 50 ஆயிரம் ரூபாய்க்கு மேல் அன்பளிப்பாக வரும் பணம் வரிக்கு உட்பட்டது. திருமணத்தின்போது வரும் அன்பளிப்புக்கு விலக்கு உண்டு. மொய் விருந்து திருமணம் அல்ல. வந்தது அன்பளிப்பா, திருப்ப வேண்டிய கைமாற்றா என்று எழுத்தில் காட்ட வேண்டிய நாள் வந்தால் மொய் நோட்டே ஆதாரம். அறக்கொடைக்கு உரிய வரிச் சலுகைக்கும் ஓர் எல்லை இருக்கிறது: 2 ஆயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை 2017 முதல் கிடையாது. மேலும் ஒரு குறிப்பிட்ட மதத்தாருக்காக மட்டும் இயங்கும் அமைப்புகளுக்குத் தரும் கொடைக்குப் பொதுவாக அது பொருந்தாது. ஆலயக் காணிக்கையையும் மருத்துவமனைக்குத் தந்த நன்கொடையையும் ஒரே ரசீதில் எண்ணிவிடக் கூடாது.

நிலையான சம்பளம் இல்லாத ஊருக்கு எவ்வளவு கொடுப்பது என்ற கேள்வி இன்னும் சிக்கலானது. கீரமங்கலத்தைச் சுற்றிலும் மல்லிகை, முல்லை, கனகாம்பரம், சம்பங்கி. மார்கழி, தைப் பனியில் வரத்து குறைந்து மல்லிகை விலை ஏறும். வரத்து பெருகிய நாளில் பறிகூலிக்குக்கூடக் கட்டாது. 2020 ஊரடங்கில் பூவைச் செடியிலேயே விட்டவர்கள் உண்டு. இப்படிப்பட்ட வருமானத்தில் மாதம் இவ்வளவு என்று சந்தா நிர்ணயிப்பது, மோசமான மாதத்தில் சுமை, நல்ல மாதத்தில் அற்பம். பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய யோசனை இந்த மண்ணுக்குப் பொருந்தும்: வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் தன் வரவுக்குத் தக்கபடி வீட்டில் எடுத்துவைக்க வேண்டும், அவர் வந்தபின் அவசரமாகத் திரட்டக் கூடாது. பூ விற்ற காசு வரும் வாரமே பங்கு பிரிந்துவிட்டால், கொடுப்பது மனநிலையைப் பொறுத்ததாக இருக்காது. சேமிப்புக்கும் மொய்க்கடனுக்கும் அதே வாரத்தில் பங்கு பிரிக்கலாம். 1760-ல் அச்சான ஜான் வெஸ்லியின் பணத்தைப் பற்றிய பிரசங்கம், தன் உடலையும் அயலாரையும் கெடுக்காமல் சம்பாதிப்பது, வீண்செலவை வெட்டிச் சேர்ப்பது, பிறகு கொடுப்பது என்ற மூன்றையும் ஒரே சங்கிலியாகப் பார்த்தது. முதல் இரண்டோடு நிற்பவர்களைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை.

கொடுக்க ஏழைக்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்குத் தமிழ்ச் சபை வரலாறு பதில் வைத்திருக்கிறது. திருநெல்வேலியில் மிஷனரி ரேனியஸ் காலத்தில், 1830-ல், தர்ம சங்கம் தொடங்கியது. கிறிஸ்தவர்களானதால் ஊரை விட்டு விரட்டப்பட்டவர்களுக்கு மனை வாங்கித் தருவது அதன் வேலை. நிலம் இல்லாதவருக்கு முதல் தேவை பிரசங்கமா, மனையா என்ற கேள்விக்கு அந்தச் சங்கம் மனை என்று பதில் சொன்னது.

இன்னொரு கதை கீரமங்கலத்துக்குத் தெற்கே கடற்கரையில் இருக்கும் தொண்டியில் தொடங்குகிறது. யாழ்ப்பாணத்து மாணவர்கள் தங்கள் சொந்தப் பணத்தைச் சேர்த்து, பாக்கு நீரிணையைத் தாண்டித் தொண்டிப் பகுதிக்கு ஊழியரை அனுப்பியிருந்தார்கள். 1902-ல் யாழ்ப்பாணம் போன திருநெல்வேலிக்காரர் வி.எஸ்.அசரியா அதைப் பார்த்தார். வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த அவருக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. வெளிநாட்டுப் பணத்தில் வளர்ந்த திருநெல்வேலிச் சபை தன் கையிலிருந்து ஏன் கொடுக்கவில்லை என்ற கேள்வியோடு ஊர் திரும்பினார். 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. ஆளும் இந்தியர், பணமும் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியருடையது என்பது அதன் கொள்கை. அடுத்த ஆண்டே அதன் மிஷனரியாகச் சாமுவேல் பாக்கியநாதன் நிஜாமின் ஆட்சிப் பகுதியில் இருந்த தோர்னக்கலுக்குப் போனார். அதற்கான காசு பனையேறிகளும் சிறு விவசாயிகளும் பள்ளி ஆசிரியர்களும் கொடுத்தது. தெலுங்கு பேசும் தோர்னக்கல் மக்கள் திருநெல்வேலிக்காரருக்கு எதையும் திருப்பித் தரப்போவதில்லை. மொய் நோட்டில் எழுத இடமில்லாத கொடை அது.

1912-ல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராகி அசரியா தோர்னக்கலுக்கே போனபோது, அவர் மக்களில் பெரும்பாலோர் நிலமற்ற மாலா, மாதிகா சாதிகளின் கூலிக் குடும்பங்கள். ஏழைகளிடம் கேட்கக் கூடாது என்ற இரக்கத்தை அவர் ஏற்கவில்லை. கொடுக்கிறவராக இருப்பது மனிதரின் மதிப்பைச் சேர்ந்தது, அதை ஏழையிடமிருந்து பிடுங்கக் கூடாது என்பது அவர் நிலை. உலை வைக்கும்போது பெண்கள் எடுத்துவைத்த பிடி அரிசியும், தானியமும், கோழியும், முட்டையும் ஆலயத்துக்கு வந்தன. கிறிஸ்தவக் கொடையைப் பற்றி அவர் எழுதிய சிறு நூல், 1945-ல் அவர் மறைந்த பின்னும் பல நாடுகளில் வாசிக்கப்பட்டது. இதிலும் ஒரு கத்தி முனை இருக்கிறது. ஏழை கொடுக்கலாம் என்பதை ஏழை கொடுத்தே தீர வேண்டும் என்று மாற்றுவது ஒரு நொடி வேலை. இரண்டு காசு போட்ட விதவையை இயேசு பாராட்டுவதற்குச் சற்று முன்புதான், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்களை அவர் எச்சரித்தார் என்பதை மாற்கு விடாமல் பதிந்து வைத்திருக்கிறார்.

வாங்குகிற பக்கத்தின் பொறுப்பு அங்கே தொடங்குகிறது. எருசலேம் ஏழைகளுக்காகச் சேர்த்த நிதியைப் பவுல் தானே தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களைக் கூட வைத்துக்கொண்டார்; இவ்வளவு பெரிய தொகையில் யாரும் குறைசொல்ல இடமிருக்கக் கூடாது என்று இரண்டாம் கொரிந்தியர் 8-ம் அதிகாரத்தில் காரணத்தையும் எழுதினார். மொய்ப் பந்தலில் ஒரு ரூபாய் கணக்கு தவறினால் அன்று மாலையே சண்டை வரும். ஆண்டுக்கு ஒரு முறைகூட வரவுசெலவு வாசிக்காத ஊழியங்கள் மொய் எழுதுகிறவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய. தணிக்கை செய்த கணக்கைச் சபைக் கூட்டத்தில் வைப்பதும், உண்டியலை இருவர் சேர்ந்து எண்ணுவதும், போதகரின் சொந்தக் கணக்கையும் ஆலயக் கணக்கையும் பிரித்து வைப்பதும் விசுவாசக் குறைவின் அடையாளங்கள் அல்ல.

ரசீது வேறு, விளம்பரம் வேறு. பொருளாளருக்குத் தெரிய வேண்டியது ஒலிபெருக்கிக்குத் தெரிய வேண்டியதில்லை. குழல்விளக்கிலும் மின்விசிறியிலும் உபயதாரர் பெயர் எழுதுவதும், காணிக்கைத் தொகையைப் பெயரோடு வாசிப்பதும் தமிழ் ஆலயங்களில் சாதாரணமாகிவிட்டன. பெயர் வாசிக்கப்பட்ட மறுகணமே அடுத்தவர் தன் தொகையை ஒப்பிடுகிறார். வலக்கை செய்வதை இடக்கை அறியக் கூடாது என்ற மலைப்பிரசங்க அறிவுரை அந்தக் கணத்தில் மறைந்துபோகிறது.

நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்து ஆலயங்களில் அசனம் என்றொரு வழக்கம் நிலைத்திருக்கிறது. யார் வீட்டிலிருந்தோ அரிசி வரும், யாரோ கிடா தருவார்கள், ஊர் கூடிச் சமைக்கும். எல்லா மதத்தவரும் வந்து உட்கார்ந்து சாப்பிட்டுப் போவார்கள். அதே சோறு, அதே கறி. வாசலில் நோட்டு மட்டும் இல்லை. கீரமங்கலம் வட்டாரத்து மக்களே மொய்யின் வடிவத்தைக் கொடையாக மாற்றியும் காட்டியிருக்கிறார்கள். 2018 நவம்பர் 16-ம் தேதி அதிகாலை கரையேறிய கஜா புயல் இங்கே தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. அதன்பின் ஆலங்குடி அருகே வம்பன் பகுதியில் தேநீர்க் கடை வைத்திருக்கும் ஒருவர், வாடிக்கையாளர்களின் கடன் பாக்கியைத் தள்ளுபடி செய்வதாகப் பலகை வைத்தார். 2022-ல் இலங்கை பொருளாதார நெருக்கடியில் தவித்தபோது அதே கடையில் தேநீர் மொய் விருந்து நடந்தது. டீ குடித்தவர்கள் இயன்றதைப் போட்டார்கள், வசூல் இலங்கை மக்களின் நிவாரணத்துக்கு. அப்படிப் போட்ட எவருக்கும் யாழ்ப்பாணத்திலிருந்தோ நுவரெலியாவிலிருந்தோ ஆடியில் பத்திரிகை வரப்போவதில்லை. நூற்றிருபது ஆண்டுக்கு முன் யாழ்ப்பாணத்துக் காசு தொண்டிக்கு வந்த கடலை இந்தப் பணம் எதிர்த் திசையில் கடந்தது. யாரும் அப்படி நினைத்துச் செய்திருக்க மாட்டார்கள்.

மொய்யின் உண்மையான எல்லை அது யாரை அழைப்பதில்லை என்பதில் தெரிகிறது. திருப்ப வழியில்லாதவருக்குப் பத்திரிகை போகாது. உறவும் சாதியும் ஊரும் சேர்ந்த வட்டத்துக்குள்தான் பெரும்பாலும் பணம் சுழல்கிறது. நிலமில்லாத கூலிக் குடும்பத்தின் மொய் நூறிலும் இருநூறிலும் நின்றுவிடும். கணவர் இறந்தால் அவர் வாங்கிய புதுநடை மனைவி தலையிலும் பிள்ளைகள் தலையிலும் விழுகிறது. பெரிய மகன் இல்லாத வீட்டில் அந்தப் பெண்ணுக்கு ஒவ்வொரு ஆடியும் கடன்காரர் வாசலுக்கு வரும் மாதம். அவளால் விருந்து வைக்க முடியாது, ஆகவே தன் கணவர் போட்டதை வசூலிக்கவும் முடியாது. எழுதிய தொகைகள் நோட்டிலேயே கிடக்கும்.

உபாகமத்தின் மூன்றாம் ஆண்டுப் பங்கு விதவையையும் அநாதையையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது இப்படிப்பட்ட இடத்தை நினைத்துத்தான். ஒரு சிறிய சபையாலும் இங்கே செய்யக் கூடியது இருக்கிறது. ஏழைகள் நிதி என்று தனிக் கணக்கு வைத்து, ஆடிக்கு முன்பே அப்படிப்பட்ட வீட்டுக்கு இரண்டு பேர் போகலாம். நோட்டை வாங்கிப் பார்த்து, அவள் யார் யாருக்கு எவ்வளவு திருப்ப வேண்டும், அவளுக்கு யார் தர வேண்டும் என்று பட்டியல் எடுக்கலாம். வர வேண்டியதை ஊர்ப் பெரியவர்கள் வழியாக விருந்தில்லாமலே கேட்டு வாங்கித் தரலாம். பற்றாக்குறையை நிதியிலிருந்து அடைத்து, மொய்ப் பந்தலில் அவள் கையாலேயே, அவள் பெயரிலேயே எழுத விடலாம். அவள் கிறிஸ்தவளா என்று கேட்க வேண்டியதில்லை. நிதியின் கணக்கில் அந்தத் தொகை செலவு என்று ஏற வேண்டும். வர வேண்டிய பாக்கி என்ற பக்கத்தில் அவள் பெயர் வரக் கூடாது.